நாள் தவறாத ஒரு மாத்திரை

சிராங்கூன் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் கிளந்தான் லேன் என்ற சிறிய தெரு வரும். பாலியல் தொற்றுகளுக்கான அரசு மருந்தகம் பல்லாண்டுகளாக இயங்கிவரும் இடம் அது. ‘ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ்’ என்ற தொண்டு அமைப்பும் இந்தத் தெருவோடு தொடர்புடையது. அது 1988இல் பிறந்தது. 1991இல் அது பெயர் கேட்காத எச்.ஐ.வி. பரிசோதனையைச் சிங்கப்பூரில் தொடங்கியது. அடையாள அட்டை காட்ட வேண்டாம், முகவரி சொல்ல வேண்டாம், பெயருக்குப் பதிலாக ஓர் எண் போதும். இன்று அதற்கு விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஏறக்குறைய இருபது நிமிடக் காத்திருப்பு.

அந்தச் சொட்டு ‘ஆம்’ என்று சொன்னால் அதன்பின் என்ன? 1990இல் இதற்கு மருத்துவர்கள் மிகத் தயங்கித்தான் பதில் சொல்லியிருப்பார்கள். இன்று அதே கேள்வியைச் சிங்கப்பூரின் நொவீனா மருத்துவமனை வட்டாரத்தில் ஒரு மருத்துவரிடம் கேட்டால், “இந்த மாத்திரையை நாள்தோறும் விடாமல் சாப்பிடுங்கள், உங்கள் வயதுக்காரர்கள் வாழும் காலம் நீங்களும் வாழலாம்” என்பார். ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல அது. உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கியவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஏறத்தாழ எட்டிப்பிடித்துவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இப்படித் தலைகீழாகத் திரும்பிய கொடிய நோய் மருத்துவ வரலாற்றில் அரிது. ஆனால் நம்மில் பலருடைய மனத்தில் அந்த நோயின் படம் இன்னும் 1990இலேயே நிற்கிறது. அதை நகர்த்த வேண்டுமென்றால் வைரஸிலிருந்து தொடங்க வேண்டும்.

எச்.ஐ.வி.யின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் மரபுச் செய்தி முழுவதும் சுமார் 9,700 எழுத்துகள்தான். ஏறக்குறைய இந்தக் கட்டுரையின் நீளம். மனிதனின் மரபுச் செய்தியோ 300 கோடி எழுத்துகள். இருந்தும் அந்தச் சிறிய செய்தி இந்தப் பெரிய செய்திக்குள் நுழைந்துவிடுகிறது. நம் உயிரணுக்களில் வழக்கமாக டி.என்.ஏ.விலிருந்துதான் ஆர்.என்.ஏ. எழுதப்படும். எச்.ஐ.வி. தன்னோடு கொண்டுவரும் ஒரு நொதி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படித்து டி.என்.ஏ.வாக எழுதுகிறது. இன்னொரு நொதி, நோய் எதிர்ப்பை முன்னின்று நடத்தும் சிடி4 அணுவின் குரோமோசோமை வெட்டி, இந்தப் புதிய டி.என்.ஏ.வை நடுவே வைத்துத் தைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வைரஸ் விருந்தாளி இல்லை. அந்த அணு இருக்கும்வரை அதன் மரபில் ஒரு பகுதி.

இதில் வியக்க இன்னொன்றும் உண்டு. மனித மரபுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம், பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நம் மூதாதையர் உடலில் இப்படித் தைக்கப்பட்டுப் பின் செயலிழந்துபோன வைரஸ்களின் எச்சம். எச்.ஐ.வி.யின் உத்தி பூமிக்குப் புதிதல்ல.

சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உருவாகி அழிகின்றன. வெளியே எந்த நோயும் தெரியாத ஆண்டுகளில்கூட உள்ளே ஓயாத போர் நடக்கிறது என்பதை 1995இல் டேவிட் ஹோ, ஜார்ஜ் ஷா ஆகியோரின் குழுக்கள் கணக்கிட்டுக் காட்டின. அதுவரை வைரஸ் பல ஆண்டுகள் உறங்குகிறது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள்.

இந்த எண்ணிக்கையோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் எழுதும் அந்த நொதி கவனமற்றது. தோராயமாக மூன்று பிரதிகளுக்கு ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை விழுகிறது, அதைத் திருத்தும் பொறுமையும் அதற்கில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் கோடி பிரதிகள் என்றால், 9,700 எழுத்துகளில் எந்த ஒன்று மாறிய வைரஸும் இன்றைக்கே அந்த உடலுக்குள் எங்கோ பிறந்திருக்கும் என்று பொருள். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அந்த மருந்துக்கு அடங்காத ஒரு பிரதி முன்பே தயாராக நிற்கும். 1987இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான ஸிடோவுடினுக்கு இதுதான் நேர்ந்தது. 1964இல் புற்றுநோய்க்காகச் செய்து ஒதுக்கிவைக்கப்பட்ட அந்த மருந்து சில மாதங்கள் வைரஸை அடக்கும். பிறகு வைரஸ் அதைத் தாண்டிவிடும்.

வெவ்வேறு இடங்களில் அடிக்கும் மூன்று மருந்துகளை ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்றுக்கும் தப்ப வேண்டிய மாற்றங்கள் எல்லாம் ஒரே பிரதியில் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஆயிரம் கோடியும் அதற்குப் போதாது. 1996இல் வான்கூவரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் இந்தக் கூட்டு மருந்தின் பலன்கள் அறிவிக்கப்பட்டபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குத் திரும்பும் காலம் தொடங்கியது. என் பார்வையில் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிக அழகான கணக்கு இதுதான். எதிரியின் பலமான வேகத்தையும் பிழையையும் அளந்து, அந்த அளவைக்கொண்டே அவனை அடைத்தார்கள்.

கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் மருந்து பலரின் கைக்கு எட்டவில்லை. சிங்கப்பூரில் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1985இல் பதிவாயின. மோல்மின் சாலையில் இருந்த பழைய மிடில்டன் மருத்துவமனை அதே ஆண்டில் டான் டோக் செங் மருத்துவமனையோடு சேர்ந்து தொற்றுநோய் நிலையமாயிற்று. காலரா, அம்மை காலத்தில் நோயாளிகளை ஊரிலிருந்து ஒதுக்கி வைப்பதற்காக எழுந்த வளாகம் அது. எச்.ஐ.வி. நோயாளிகளும் அங்கேதான் போனார்கள். 1998 டிசம்பரில் பேடி சியூ தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பொதுவெளியில் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் சிங்கப்பூரர் அவர். அடுத்த ஆண்டு மே மாதம் ‘தி நெசசரி ஸ்டேஜ்’ நாடகக் குழுவோடு தன் கதையைத் தானே மேடையில் நடித்துக் காட்டினார். ஆகஸ்டில் இறந்துபோனார்.

அன்று கூட்டு மருந்துக்கு மாதாமாதம் பல நூறு வெள்ளி தேவைப்பட்டது. பாங்காக்குக்குப் போய் விலை குறைந்த மருந்தை வாங்கிவந்து உயிரைக் காத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் குறைந்த விலையை உலகெங்கும் சாத்தியமாக்கியதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு. காப்புரிமை பெற்ற மருந்துகளின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தபோது, 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சிங்கப்பூரில் கதவுகள் மெல்லத்தான் திறந்தன. 2010இல் மெடிஃபண்ட் உதவி எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் விரிந்தது. 2020 செப்டம்பரிலிருந்து எச்.ஐ.வி. மருந்துகள் அரசு மானியப் பட்டியலில் சேர்ந்தன. மெடிசேவ் சேமிப்பிலிருந்தும் பணம் எடுக்கலாம்.

மோல்மின் சாலை வளாகத்தின் பணி 2018 இறுதியில் நொவீனாவில் 330 படுக்கைகளோடு எழுந்த தேசியத் தொற்றுநோய் நிலையத்துக்கு மாறியது. கோவிட் காலத்தில் ஊரே அறிந்துகொண்ட கட்டடம் அது. அங்கே எச்.ஐ.வி.க்காக வருபவர்களில் பெரும்பாலோர் படுக்கைக்கு வருவதில்லை. வேலைக்கு நடுவே அரைநாள் விடுப்பு எடுத்து வந்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கிப் போகிறார்கள்.

முதல் வருகையில் இரண்டு எண்கள் பார்க்கப்படும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி4 அணுக்கள் என்பது ஒன்று. நலமானவருக்கு 500 முதல் 1,500 வரை இருக்கும், 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்பது மற்றொன்று. அது லட்சங்களில் இருக்கலாம். இவற்றோடு காசநோய், கல்லீரல் அழற்சி பி, சிறுநீரகம் எல்லாம் சோதிக்கப்படும். வைரஸ் எந்த மருந்துக்கு முன்பே பழகிவிட்டது என்று அதன் எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதும் உண்டு. ஒரு காலத்தில் சிடி4 எண்ணிக்கை இறங்கும்வரை மருந்தைத் தள்ளிப்போடுவார்கள். 4,685 பேர் பங்கேற்ற ஸ்டார்ட் ஆய்வு 2015இல் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உடனே தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோய்கள் பாதிக்குமேல் குறைந்தன. இப்போது தொற்று உறுதியான சில நாள்களிலேயே மருந்து கையில் கிடைக்கும்.

டொலுடெக்ராவிர் போன்ற இன்றைய மருந்துகள் வைரஸைத் தைக்கும் நொதியைப் பிடித்து நிறுத்துகின்றன. துணைக்கு ஒன்றோ இரண்டோ மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்துவிட்டார்கள். லட்சங்களில் இருந்த வைரஸ் எண்ணிக்கை சில வாரங்களில் சரிந்து, பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்குகிறது. கவனம் தேவைப்படும் சின்ன விஷயங்கள் உண்டு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, சில அமிலமுறிவு மருந்துகள் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் டொலுடெக்ராவிர் குடலில் சிக்கிக்கொள்ளும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உடல் அதை வேகமாகச் சிதைத்து வெளியேற்றும்படி செய்யும் என்பதால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். நாட்டு மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது இதனால்தான் முக்கியம்.

தாமதமாக வருபவர்களின் நிலைதான் கடினம், மருத்துவக் கலை முழுவதும் வெளிப்படுவதும் அங்கேதான். சிடி4 ஐம்பதுக்கோ நூறுக்கோ இறங்கியவரின் உடலில் காசநோய்க் கிருமியோ, மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ, நுரையீரலை அடைக்கும் நியூமோசிஸ்டிஸோ ஏற்கெனவே குடியிருக்கலாம். எதிர்ப்பாற்றல் செத்துக் கிடந்ததால் காய்ச்சல்கூட அடங்கியே இருந்திருக்கும். எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் எதிர்ப்பு அணுக்கள் விழித்து அந்தக் கிருமிகளைக் கண்டு சீறும். அந்தச் சீற்றமே உயிருக்கு ஆபத்தாக முடியும். அதனால் மூளை உறையில் பூஞ்சை இருந்தால் முதலில் அதை அடக்கி, நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்து எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குகிறார்கள். நுரையீரல் காசநோயில் சிடி4 மிகக் குறைவாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்குகிறார்கள். குணமாவதன் வேகத்தையே மருத்துவர் கட்டுப்படுத்த வேண்டிய நோய் இது.

வைரஸ் கருவிக்கு எட்டாத அளவில் நிலைத்துவிட்டால் உடலுறவின் வழியே அது துணைக்குப் பரவாது. மிகமிகக் குறைவு என்று சொல்லிவந்த காலம் போய், பரவாது என்றே இன்று அறிவியல் சொல்கிறது. இந்த முடிவின் பாதை சென்னை வழியாக வந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியரான சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், நகரில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடச் சொன்னார். இருக்காது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாலியல் தொழிலாளிகளிடம் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இப்படித்தான். சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தது.

பிறகு ஒன்பது நாடுகளில் 1,763 இணைகளை வைத்து ஒரு பெரும் ஆய்வு நடந்தபோது அதன் மையங்களில் ஒன்றாக ஒய்.ஆர்.ஜி. கேர் இருந்தது. ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, மற்றவருக்கு இல்லை. பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு சிடி4 இறங்கிய பிறகு மருந்து. 2011இல் முடிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, துணையிடமிருந்தே வந்தது என்று உறுதியான 28 புதிய தொற்றுகளில் 27 தாமதமாக மருந்து பெற்ற பிரிவில் இருந்தன. உடனே பெற்ற பிரிவில் ஒன்றே ஒன்று. நலம் தரும் மருந்தே பரவலைத் தடுக்கும் மருந்தும் ஆயிற்று. பின்னர் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், மருந்தால் வைரஸ் அடங்கியவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை என்பது 2016இலும் 2019இலும் வெளியாயிற்று. நம் ஊர்களின் கணவன்மாரும் மனைவிமாரும் ஊசி குத்திக்கொண்டு, வீட்டு அந்தரங்கத்தை ஆய்வுத் தாளில் பதிந்து தந்த உண்மையில் உலகம் இன்று நிற்கிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உறவுக்கு முன் துணையிடம் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் எச்.ஐ.வி. உள்ளவரை நெடுங்காலம் கட்டாயப்படுத்தி வந்தது. வைரஸ் நிலையாக அடங்கியவருக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தும் திருத்தம் 2024இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதையும் மருந்து தடுக்கும் என்பதால், இங்கே கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 2004 இறுதியிலிருந்தே வழக்கமாகிவிட்டது. சிகிச்சையே இல்லாவிட்டால் பிறக்கும் குழந்தைகளில் 15 முதல் 45 சதவீதம் வரை தொற்று பெறக்கூடும். தாய் உரிய காலத்தில் மருந்து எடுத்தால் அது நூற்றில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்குகிறது.

அப்படியென்றால் ஏன் முழுக்கக் குணமாவதில்லை? தைக்கப்பட்ட வைரஸை ஏந்திய சிடி4 அணுக்களில் ஒரு சிறு பகுதி வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகிறது. வைரஸை எழுதாத அணுவை மருந்து தொடாது, எதிர்ப்பாற்றலும் அடையாளம் காணாது. களையெடுத்து வெயிலில் காய்ந்த வயலில் மண்ணுக்கடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு மழை கண்டதும் தலைநீட்டுவதைப்போல, மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் திரும்ப எழுகிறது. இந்த மறைந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும். அது தானாகத் தீர்ந்துபோக எழுபது ஆண்டுக்குமேல் தொடர் சிகிச்சை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் திமதி ரே பிரவுன் உள்ளிட்ட மிகச் சிலர் குணமாகியிருக்கிறார்கள். வைரஸ் நுழையும் வாசலே இல்லாத அரிய மரபு கொண்ட கொடையாளரின் அணுக்கள் பிரவுனுக்குக் கிடைத்தன. அந்தச் சிகிச்சையே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் எல்லாருக்கும் அது வழியாகாது.

ஆகவே இது வாழ்நாள் உறவு. நோயாளிகளும் மூப்படைகிறார்கள். அடங்கிய வைரஸும் உடலுக்குள் மெல்லிய அழற்சியை விட்டுவைப்பதால் மாரடைப்பு ஆபத்து சற்றுக் கூடுதல். 7,769 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாடின் இந்த ஆபத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைப்பதாக 2023இல் காட்டியது. இயல்பாகவே இதயநோயும் நீரிழிவும் மிகுந்த நம் சமூகத்தில் எச்.ஐ.வி. மருத்துவர் சர்க்கரையையும் கொழுப்பையும் கேட்பது அதிகப்படி அக்கறை இல்லை.

சிங்கப்பூரில் 2012இல் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் 469 புதிய தொற்றுகள் பதிவாயின. 2024இல் அது 151. ஆனால் கண்டறியப்படுபவர்களில் பலர் இன்னும் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். மருந்து உண்டு, மானியம் உண்டு, பெயர் கேட்காத பரிசோதனையும் உண்டு. வரவிடாமல் தடுப்பது அச்சம். 2019 ஜனவரியில், எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டினர். அந்தச் செய்தியைப் படித்த ஒருவர் அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகத் தயங்கியிருந்தால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நிறைந்து நிற்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த அச்சம் இன்னும் கூர்மையானது. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் அடங்கும். தொற்று இருந்தால் அனுமதி இல்லை, ஊர் திரும்ப வேண்டும். குறுகிய கால வருகைக்கான தடையை 2015இல் சிங்கப்பூர் நீக்கியது. நீண்டகால அனுமதிக்கான விதி அப்படியே இருக்கிறது. ஒரு மாத்திரையால் அடங்கும், அடங்கியபின் துணைக்கும் பரவாத ஒரு தொற்றுக்காக ஒருவரின் பிழைப்பைப் பறிப்பதற்கு அறிவியலில் இன்று ஆதாரம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

விதி மாறும்வரை, அந்த ஊழியர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பரிசோதனை முடிவின் நகல், சிடி4 பார்த்திருந்தால் அந்த எண், ஏதாவது மருந்து தொடங்கியிருந்தால் அதன் பெயர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் முடிவை உறுதிசெய்து, கூட்டு மருந்து சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிந்துகொள்ளலாம். அங்கே கிடைக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைக்குக் காசு கிடையாது. நொவீனாவில் எழுதித்தரப்படும் அதே வகை மருந்துதான் அது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டம், அவர் சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடுவதையும் அதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதையும் தடைசெய்கிறது. எந்த மையம் அருகில் இருக்கிறது என்று கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மருந்தைத் தொடங்கினால், அடுத்த அரையாண்டுக்குள் அவர் ரத்தத்திலும் வைரஸ் பெரும்பாலும் கருவிக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிடும்.